சால்வையும் சாயங்காலமும்

என் பீரோவின் அடித்தட்டில் ஊதா நிறச் சால்வை ஒன்று கிடக்கிறது. அடையாறில், வெளிநாட்டு நிதியில் நடந்த எச்.ஐ.வி. மையத்தில் நான் ஆலோசகராக இருந்தேன். அங்கே களப்பணி செய்த அக்காவுக்கு மேடையில் போர்த்திய சால்வை அது. அக்கா ஆற்றோரக் குடியிருப்புக்காரர். தொற்று கணவனிடமிருந்து வந்தது. அவனைக் கூட்டிவந்து மாத்திரையில் சேர்த்ததும் அக்காதான். மையம் காலை பத்திலிருந்து ஒரு மணி வரைதான். ஆண்கள் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து மாத்திரை வாங்கிப் போவார்கள். பெண்கள் அந்த நேரத்தில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். சுவரில் மட்டும் 'பாலின சமத்துவம்' என்று பெரிதாக ஒட்டியிருந்தோம்.

நிதி கொடுக்கும் வெள்ளைக்கார அம்மையார் வந்த அன்று தி.நகரில் ஏசி மண்டபம் பிடித்தார்கள். அக்கா அழுவார் என்று எதிர்பார்த்துத்தான் மைக்கைக் கொடுத்திருப்பார்கள். அவரோ, "காலைல நாலு வூட்ல வேலை. லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. சொன்னா வேலையே போய்டும். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் தொறந்து வெச்சா எங்க பொம்பளைங்க எல்லாம் வருவாங்க" என்றார். இயக்குநர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தத் திட்டம் தனக்கு மறுவாழ்வு தந்ததாக இவர் நெகிழ்கிறார். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சால்வையைப் போர்த்தினார். ஒரே கைத்தட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா கேட்டது அது இல்லையே சார்" என்றேன், இயக்குநர் மேடையை விட்டு இறங்கியதும். "அது டைமிங் பிரச்சினைம்மா, ஜெண்டர் பிரச்சினை இல்ல. வேற மீட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார். அந்த வேறு மீட்டிங் இன்றுவரை நடக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் அக்கா சால்வையை மடித்து என் கையில் திணித்தார். "நீயே வெச்சிக்கம்மா. இதப் போத்திக்கினு நான் எங்க போவப் போறேன்? எனக்கு சாயங்காலம்தான் வேணும்."

பிறகு அந்தக் குடியிருப்பையே ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள். அங்கிருந்து விடியலில் கிளம்பி வேலைக்கு வருவதே பெரும்பாடு. அக்கா மாத்திரை வாங்குவது முதலில் தள்ளிப்போனது, அப்புறம் நின்றே போனது. அக்காவும் போய்விட்டார். நோய்தான் காரணம் என்றார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இந்த மகளிர் தினத்தன்று மையத்திலேயே விழா. பெண்களுக்காக உழைத்தேனாம், அதே இயக்குநர் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். பேச மைக் கேட்டேன். நேரமில்லை என்றார். வெளியே வந்தால், வாசலில் ஒரு பெண். வேலை முடித்து வந்தவள், புடவைக் கரை இன்னும் ஈரம். பெயர்ப்பலகையில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, சாயங்காலம் தொறக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா" என்றேன். பீரோவில் இப்போது இரண்டு சால்வைகள் கிடக்கின்றன.