அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில்

சுனாமி வந்த டிசம்பரிலிருந்து நிலநடுக்கங்களைத் தேதிவாரியாகக் குறித்து வருகிறேன். முதலில் பார்ப்பது ஆழத்தை.

போன மாசியில் ஒரு திங்கட்கிழமை, பேட்டையிலிருந்து புன்னக்காயலுக்கு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று விடியுமுன்பே நண்பர் வள்ளத்தில் போய் வலை விட்டுக் கடலில் இருந்தார். அவர் மனைவி காப்பி கொடுக்கும்போது தொலைக்காட்சியில் செய்தி ஓடியது: இந்தோனேசியக் கடலடியில் பெரிய நிலநடுக்கம். செல்போனில் பார்த்தேன். ஆழம் அறுநூறு கிலோமீட்டர். நிம்மதியாயிற்று.

"ரொம்ப ஆழம்மா. கடல் தரை தூக்காது. அலை வராது."

"அவ்வளவு ஆழத்துல பாறை சூட்டுல இளகிக் கிடக்கும்னு நீங்கதான சொன்னீக? இளகுனது எப்படி அண்ணாச்சி உடையும்?"

நம் கடலின் அடித்தளம் அந்தத் தீவுகளுக்குக் கீழே சரிந்து இறங்குகிறது, சுற்றியுள்ளதைவிடக் குளிர்ந்து, முழுதாக இளகாமலே இருக்கிறது என்றேன். அழுத்தத்தில் அதன் கனிமம் நெருக்கமான வேறொன்றாக மாறும்போது சட்டென வழுக்கலாம். கனிமத்திலிருந்து பிரியும் நீர் காரணம் என்பார்கள் சிலர். வழுக்கலில் பிறக்கும் சூடே மேலும் வழுக்க வைக்கிறது என்பார்கள் வேறு சிலர். இன்னும் முடிவாகவில்லை.

"அப்ப ஏன் உடையுதுன்னு தெரியாது. அலை வராதுன்னு மட்டும் தெரியும்."

காரணம் தெரியாவிட்டாலும் இடத்தை அளந்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணவரைப் போனில் அழைத்துவிட்டாள்.

"கரைக்கு வாங்க. வலைய அறுத்து விட்டுட்டு வாங்க. அண்ணாச்சி இங்கனதான் இருக்காவ. அவியளுக்கே தெரியலையாம்."

போனை வாங்கினேன். இணைப்பு அறுந்திருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை.

நண்பர் வந்து சேர்ந்தபோது கடல் தட்டையாகக் கிடந்தது.

"அலை வராதுன்னு உமக்கு எப்பம் தெரியும்?"

"உங்க வீட்டுல கூப்பிடுறதுக்கு முன்னாடியே."

"பெறவு என்னத்தவே சொன்னீரு அவகிட்ட?"

எல்லாம் சொன்னேன் என்றேன். அவர் அறுத்து விட்ட வலையைத் தேடி மறுபடியும் கிளம்பினார். கூட வரவா என்று கேட்டேன்.

"நீரு வந்து என்ன செய்யப்போறீரு?"

நீரோட்டம் மாறியிருந்தது. பொழுது சாய வெறும் வள்ளத்தோடு திரும்பினார். வலை போய்விட்டது. மனைவி அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்:

"இன்னொரு தடவ நியூஸ் வந்தாலும் கூப்பிடத்தான் செய்வேன் அண்ணாச்சி."