முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை

வாயில் ஏழெட்டுக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு இன்னாசியம்மாள் பேசும் பேச்சு, மற்றவர்கள் வெறும் வாயால் பேசுவதைவிடத் தெளிவாக இருக்கும். "ஏளா, மூச்ச விடு. வயித்த எக்கிக்கிட்டு நின்னா நான் யாருக்குத் தைக்க? ஒனக்கா, நீ நெனைக்கிற ஒனக்கா?" என்பார். எதிரே நிற்பது அடுத்த வாரம் மணமேடை ஏறப்போகிற பெண். அவளுடைய அம்மாவும் அத்தைகளும் கூடவே நிற்பார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. தூத்துக்குடியில் கல்யாண கவுன் தைக்க அவரை விட்டால் ஆளில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

மாதா கோயில் மணியோசை எட்டும் தெருவில் கீழ்வீடு அவருடையது. மாடியில் நான் எட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. ஏணிப்படி அவருடைய தையல் மிஷினை ஒட்டியே ஏறுவதால், தினமும் காலையும் மாலையும் அவர் பார்வையில் பட்டே தீர வேண்டும். முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பிக்கு எடது தோளு ஒரு வெரக்கடை எறக்கம்" என்றார். அன்று முதல் நான் இடது தோளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

கழுத்தில் டேப்பு தொங்கும். அளப்பதற்கல்ல. "கண்ணளவு இருக்கும்போது டேப்பு எதுக்கு?" என்பது அவருடைய கட்சி. அந்தக் கண்ணுக்கு ஐந்தாறு வருஷமாகவே ஊசிக் காது தெரிவதில்லை. நூல் கோக்கத் தெருவில் போகிற யாரையாவது கூப்பிடுவார். கண்ணாடி போடச் சொன்னால், சொன்னவருடைய இடுப்பளவைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவார். அப்புறம் யார் சொல்வது?

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. கவுனோ பாவாடையோ, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கியிருக்க வேண்டும். பம்பாயிலிருந்து லீவில் வரும் பெண்கள் முட்டுக்கு மேலே கேட்பார்கள். "சரி" என்பார். தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்தால் நாலு விரற்கடை இறங்கியிருக்கும். "துணி அதுவா எறங்கிட்டு" என்று துணியின்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

இந்தச் சட்டம் எட்டாத தூரத்தில் இருப்பவள் அவர் பெற்ற ஒரே மகள். பனிமய மாதாவின் பெயரால் தஸ்நேவிஸ் என்று பெயர். அப்பா மரியான் கொழும்புக்குத் தோணியில் போய்த் திரும்பாமல் போனபோது அவளுக்கு ஏழு வயது. மிஷினை மிதித்தே இன்னாசியம்மாள் அவளை நர்சு படிப்பு படிக்க வைத்தார். இருபத்திரண்டு வயதில், கன்னியாஸ்திரிகள் ஏற்பாட்டில், மேற்கு ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். அந்த ஊரின் பெயரை இன்னாசியம்மாள் இதுவரை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார், மூன்றும் தப்பு. அங்கே அவள் நர்சு மட்டுமல்ல, ஊர் கிளப்பின் பெண்கள் அணியில் வாலிபால் ஆட்டக்காரி. வலையை ஒட்டி நின்று எகிறி அடிப்பவள்.

கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சனிக்கிழமை மேட்ச் இருக்கும். அந்த இடம் வந்ததும், "அத விடுங்க தம்பி. ஒடம்புக்கு எப்பிடி இருக்குன்னு போட்டிருக்கா?" என்பார். ஆறு வருஷம் நானும் விட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.

எழுபத்தாறாம் வருஷத் தொடக்கத்தில் இன்னாசியம்மாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பையன் செபாஸ்டின். துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் உத்தியோகம். நல்ல பையன்தான், காற்றடித்தால் கையிலிருக்கும் பேப்பரையும் தன்னையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அவனுடைய அம்மா பிலோமினம்மாளும் இன்னாசியம்மாளும் பேசி முடித்தார்கள். ஈஸ்டர் கழிந்த முதல் ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிப்பது என்று சாமியாரிடமும் சொல்லியாயிற்று. மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமாக்கா?" என்றேன்.

"கேட்டாத்தான தம்பி வேண்டாம்பா?"

ஒரு தடவை வந்து பார்க்கும்படி மகள் வெகுநாளாக எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அம்மா சம்மதித்ததும் டிக்கெட்டே அனுப்பிவிட்டாள், பாவம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அந்த நாற்பது நாளில் போய்க் கையோடு கூட்டி வந்துவிடுவது என்பது திட்டம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் கேட்டிருந்தது. "புள்ளயப் புடிச்சிட்டு வரன்னு எழுதுங்க" என்றார். நான் 'மகளைப் பார்க்க' என்று எழுதினேன்.

பன்னிரண்டு நாளில் கல்யாண கவுனையும் தைத்துவிட்டார். வெள்ளை சாட்டின், கழுத்திலும் கையிலும், ரேந்தை என்று இவர்கள் சொல்கிற லேஸ் பின்னல். அளவு? "பெத்தவளுக்கு அளவு எதுக்கு?" டிரங்குப் பெட்டியில் அடியில் கருவாடு, மேலே கவுன், நடுவே வாசம் ஏறாமலிருக்க ஏழு பாலித்தீன் பை. அங்கே திரும்பிப்போகிற ஒரு கன்னியாஸ்திரி துணையோடு புறப்பட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினார். தனியாக.

தெருவே கூடியது. மகளைப் பற்றி யாரும் கேட்க இடம் கொடாமல் ஜெர்மனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே மீனுக்கு ருசியில்லை. கோயிலில் கூட்டமில்லை. பெண்கள் மேட்ச் பார்க்க மட்டும் முந்நூறு பேர். "என் தையலப் பாத்து அசந்து போயிட்டாளுவ! ஆட்டத்த நிறுத்திப்போட்டு ஆறு புள்ளையளும் வரிசையா நின்னு காலக் கால நீட்டுதாளுவ. நான் முட்டி போட்டு ஒவ்வொருத்திக்கா சரி பண்ணிக் குடுத்தேன். ஊரே கை தட்டுது! அப்புறம் என்னா? ஜெயம்தான்!"

"தஸ்நேவிஸ் எப்ப வாரா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"ஆஸ்பத்திரில விடமாட்டேங்கானுவ. அவ இல்லன்னா அங்கன ஒரு ஊசி ஓடாது."

பத்து நாளில் மகளின் கடிதம் வந்தது. பிரித்ததும் முதல் வரியே எனக்கு: "மாடி அண்ணே, இந்தத் தடவை ஒரு வரிகூட விடாமல் வாசியுங்கள். அம்மா விடச் சொல்லுவாங்க. விடாதீங்க."

நான் வாசிக்க ஆரம்பித்தேன். இன்னாசியம்மாள் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். நான் குரலை உயர்த்தினேன். அவர் வேகத்தை உயர்த்தினார். ஊசிக்கடியில் துணியே இல்லை.

கவுன் ஏறவில்லை என்று எழுதியிருந்தாள். இடுப்பு சரியாக இருந்தது; தோள் போகவில்லை. ஆறு வருஷம் பந்தடித்த தோள். கை பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. "அம்மா என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. யார் வீட்டுப் பிள்ளையையோ தொடுற மாதிரி இருந்தது." அப்புறம்தான் அம்மா செபாஸ்டின் கதையைச் சொன்னார். மகள் முடியாது என்றாள். சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம், அதற்கும் வரமாட்டீர்களா என்று கேட்டாள். "வாரேன்" என்று உடனே சொல்லிவிட்டாராம். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அணியின் உடுப்புகளை வாரம் ஒருத்தி வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பது அவர்கள் வழக்கம். அந்த வாரம் தஸ்நேவிசின் முறை. துவைத்துக் காய்ந்த பத்து வெள்ளை அரைக்கால் சட்டைகள் வீட்டில் இருந்தன. தொடை பாதிகூட மறையாத சட்டைகள். மகள் இரண்டு நாள் டூட்டிக்குப் போய் வந்த நேரத்தில், இன்னாசியம்மாள் கல்யாண கவுனைக் கத்தரியால் கிழித்தார். பத்து சட்டைக்கும், இருபது காலுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நூல் கோத்து வாங்கி, கையாலேயே சாட்டின் ஒட்டுக் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை இறக்கினார். மிச்சமிருந்த ரேந்தையை ஓரத்தில் சுற்றினார். மடித்துப் பையில் வைத்து மூடிவிட்டார்.

ஆட்டம் வெளியூரில். இரண்டு மணி நேர பஸ். உடுப்பு மாற்றும் அறையில் போய்த்தான் பையைத் திறந்தார்கள். மாற்று இல்லை. விசில் ஊதியாயிற்று. கல்யாணப் பெண்ணின் பாவாடையை இரண்டாகப் பிளந்தது போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு ஆறு பேரும் மைதானத்துக்கு வந்தார்கள். முந்நூறு பேரும் சிரித்தார்கள். எதிரணி சிரித்தது. நடுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் செட்டு பதினைந்துக்கு மூன்றில் கைவிட்டுப் போயிற்று.

செட்டு முடிந்து கிடைத்த மூன்று நிமிடத்தில் ஒட்டைப் பிய்த்தெறியப் பார்த்தார்கள். "பிரியவில்லை அண்ணே. எங்க அம்மா தையல்." கடைசியில் ஹெல்கா என்கிற கேப்டன் பார்வையாளர் காலரி வரைக்கும் ஓடி, இன்னாசியம்மாளின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்து, முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரியைக் கையில் கொடுத்தாள். ஆறு பேரும் வரிசையாக நின்று காலை நீட்டினார்கள். அத்தனை பேர் பார்க்க இன்னாசியம்மாள் முட்டி போட்டு, தான் தைத்ததைத் தானே நறுக்கிக்கொண்டு போனார். கடைசிக் கால் மகளுடையது. "நிமிர்ந்து பார்க்காமலே வெட்டினாங்க." ஊரே கை தட்டியது உண்மைதான்.

அடுத்த இரண்டு செட்டுகளை ஜெயித்து, அதற்கடுத்த இரண்டைத் தோற்று, ஆட்டத்தைக் கோட்டைவிட்டார்கள். கடைசி செட்டில் கோட்டருகே நின்ற நடுவர் ஒரு பந்தை வெளியே என்று சொன்னபோது, காலரியிலிருந்து சுத்தத் தூத்துக்குடித் தமிழில் ஒரு குரல் அந்த மனிதரின் பரம்பரையை விசாரித்ததாம். ஒருவருக்கும் புரியவில்லை, தஸ்நேவிசைத் தவிர. "ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்" என்று எழுதியிருந்தாள்.

முடிவில் இப்படி: "செபாஸ்டின் வீட்டில் சொல்லிவிடுங்கம்மா. நான்தான் வேண்டாமென்றேன் என்று சொல்லுங்க. பழி என்மேலேயே இருக்கட்டும்."

மிஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"தோத்தாச்சுன்னு போட்டிருக்கேக்கா" என்றேன். எனக்கும் கொஞ்சம் கெட்ட புத்தி உண்டு.

"ரெண்டு செட்டு ஜெயிச்சாளுவல்லா?" என்றார்.

ஈஸ்டர் நெருங்கியபோது பிலோமினம்மாள் வந்தார். வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். அதாவது தெருவுக்கும் கேட்க வேண்டும். "மதினி, ஓலை வாசிக்கணும். பொண்ணு வருதாளா, இல்லியா?"

மகள் கொடுத்திருந்த பதில் சுலபமானது. அதை இன்னாசியம்மாள் சொல்லவில்லை. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஒங்க மவனுக்குத் தோளு பத்தாது."

"என்னது?"

"அவனுக்குச் சட்டை முப்பத்திநாலு. எம்மவளுக்கு இப்ப நாப்பது. பக்கத்துல நின்னா அம்மையும் புள்ளையும்னுதான் சொல்லுவாவ. சரிப்படாது. வேற எடம் பாத்துக்கிடுங்க."

பிலோமினம்மாள் அரை மணி நேரம் தெருவில் நின்று ஏசினார். அந்த ஏச்சில் ஜெர்மனி, தையல், செத்துப்போன மரியான் எல்லாம் வந்தன. மூன்று கல்யாணப் பெண்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். இதைத் தாய்ப்பாசம் என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். மகள் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று ஊர் இரக்கப்படுவதைவிட, மாப்பிள்ளையைத் தானே தள்ளிவிட்டதாக ஊர் காறித் துப்புவது அவருக்கு மேல். அவ்வளவுதான். ஆனால் அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்பதையும் பார்த்தேன்.

ஜூலைக் கடைசியில் மாதா திருவிழாவுக்குக் கொடியேறியது. புதுத்துணி தைக்கிற நெருக்கடி. போன மூன்று பெண்களில் இருவர், வேறு இடத்தில் தைத்த கவுனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். அந்த வாரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு கலர் போட்டோ வந்தது. தஸ்நேவிஸ் அரைக்கால் சட்டையில் எகிறி அடிக்கும் கணத்தில் எடுத்தது. முழுப் போட்டோவையும் பார்த்தவன், உறையைப் பிரித்த நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு இன்னாசியம்மாள் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டுதான் காட்டுவார். கீழ்ப் பாதியில் கட்டைவிரல் அகலமாகப் படுத்திருக்கும். விரலுக்கு மேலே மகளின் முகம், ஓங்கிய கை, தோள். "பாத்தியளா தோள?" என்பார். யாராவது வாங்கிப் பார்க்கக் கை நீட்டினால், "எண்ணெக் கை" என்று தள்ளிவிடுவார்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு பிலோமினம்மாளே வந்து நின்றார். செபாஸ்டினுக்கு வேறிடத்தில் பெண் பார்த்தாயிற்று. கவுன் தைக்க வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாட்டின் விலை பற்றியும் மழை வராதது பற்றியும் பேசினார்கள். பேச்சு தீர்ந்தது. இன்னாசியம்மாள் பொறுக்கமாட்டாமல் போட்டோவை எடுத்து நீட்டினார், கட்டைவிரலோடு.

பிலோமினம்மாள் குனிந்து பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார்.

"வலைக்கு மேல தோளு தெரியுதே மதினி. ஸ்டூல் எதும் போட்டு ஏத்தி விட்டிருக்காவளோ?"

இன்னாசியம்மாளின் முகம் சிவந்தது. "ஸ்டூலா?" என்றார். "கண்ணத் தொறந்து பாரு! தரை எங்கன கெடக்கு, எம்புள்ள எங்கன இருக்கா!" என்று போட்டோவைப் பிலோமினம்மாளின் மூக்கருகே கொண்டுபோனார். கட்டைவிரலை எடுத்துவிட்டு, மகளின் ஷூவுக்கும் தரைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாமலிருந்த அந்த இடத்தில் சுட்டுவிரல் நகத்தை வைத்து, மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, இழுத்து இழுத்துக் காட்டினார்.