பயற்றங்காய்ப் பந்தலில்

எங்கள் தோட்டம் கரடியனாற்றில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. பயற்றை, வெண்டி, கத்தரி. நடுவதும் பூச்சிமருந்து அடிப்பதும் என் கணவர். பிடுங்குவதும் கட்டுவதும் நான். மருந்தடித்தால் இத்தனை நாளைக்குக் காய் பிடுங்கக்கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கும். அவ்வளவு நாள் விட்டால் பயற்றங்காய் முற்றிப்போகும், வியாபாரி வாங்கமாட்டார். அதனால் இன்று அடித்ததை நாளைக்கே பிடுங்கிக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு எடுக்கும் காயை மட்டும் கிணற்றடியில் வைத்து மூன்று தண்ணீரில் கழுவுவேன். பிறகு உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பேன்.

அடுத்த வளவு வீட்டில் ஒரு டீச்சர் வாடகைக்கு இருந்தார். டவுன்காரி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர், கணவர் கட்டாரில் வேலை. பின்னேரங்களில் தனியாக இருக்கப் பிடிக்காமல் எங்கள் தோட்டத்துக்கு வருவார். எனக்கும் பேச்சுத்துணை.

அந்த வருடம் மழை விட்டதும் பயற்றையில் பூச்சி கடுமையாக விழுந்தது. ஒரு நாள் காலையில் என் கணவர் மருந்தடித்தார். பின்னேரம் டீச்சர் வந்தார். பேசிக்கொண்டே பந்தலில் தொங்கிய பிஞ்சு ஒன்றை முறித்து வாயில் வைத்தார்.

"பச்சையாத் திங்கத்தான் ருசி, என்னக்கா? டவுன்ல இப்படிக் கிடைக்குமா? எல்லாத்துலயும் மருந்து."

என் வாய் திறந்தது. வரம்பில் நின்ற என் கணவர் என்னைப் பார்த்தார். டீச்சர் இரண்டாவது பிஞ்சை முறித்தார், மூன்றாவதையும் முறித்தார். நான் குனிந்து புல் பிடுங்கினேன்.

அன்று இரவு டீச்சருக்கு வாந்தி. விடியற்காலையில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். என்னத்தால் வந்தது என்று அங்கே யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்களாம். இன்றுவரை எனக்கும் உறுதியாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். கன்னம் ஒட்டிப்போய்ப் படுத்திருந்தார்.

"அந்த மீன்தான் அக்கா. வவுணதீவிலிருந்து சைக்கிள்ல வாற மனுசன்ட வாங்கினன். பழுதான மீனைத் தந்திட்டார் போல. இனி இந்தப் பக்கம் வரவேணாம் எண்டு சொல்லி அனுப்பிட்டன்."

அந்த மனுசனை எனக்குத் தெரியும். விடியப்புறம் வாவியில் பிடித்த மீனைப் பத்து மணிக்குள் விற்றுவிடுவார். வயதானவர். நான் கஞ்சிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் அவருடைய கூவல் கேட்கவில்லை.

எங்கள் மருந்தால்தான் வந்திருக்கும் என்று கணவரிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரா? மூணு பிஞ்சு திண்டு ஆருக்கும் ஒண்டும் வராது" என்றார். ஆனால் அன்று அவர் சோற்றை அளைந்துகொண்டிருந்தாரே தவிரச் சாப்பிடவில்லை.

ஒரு மாதமிருக்கும். நான் கிணற்றடியில் பயற்றங்காய் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக் கதவைத் திறந்துகொண்டு டீச்சர் வந்தார். சட்டியையும் மஞ்சள் தண்ணீரையும் பார்த்தார்.

"என்னக்கா இது? உங்கட தோட்டத்துக் காய்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு கழுவுறீங்க?"

மண் என்று சொல்லியிருக்கலாம். பந்தலில் காய்ப்பதில் ஏது மண்? தலை நிமிராமல் சொன்னேன்.

"மருந்தடிச்ச காய் டீச்சர்."

"அண்டைக்கும் அடிச்சிருந்ததா?"

"ஓம். காலையில."

"நான் திங்கக்குள்ள பாத்துக்கொண்டுதானே நிண்டீங்க?"

நான் காயை மறுபடியும் தண்ணீரில் அமிழ்த்தினேன். அவர் சத்தம் போடவில்லை. "அந்த மீன்கார மனுசனை நான் என்னென்ன சொல்லி ஏசினன் அக்கா" என்றார். பிறகு வந்த வழியே போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வவுணதீவுக்கு பஸ்ஸில் போய் அந்த மனுசனைத் தேடினார் என்று கேள்விப்பட்டேன். கண்டாரா, மன்னிப்புக் கேட்டாரா தெரியாது. கேட்கும் நிலையில் நான் இல்லை. எங்கள் தோட்டத்துப் பக்கம் அவர் பிறகு வரவில்லை. வழியில் கண்டால் "சுகமா அக்கா?" என்பார். நிற்கமாட்டார். பள்ளித் தவணை முடிய மாற்றல் வாங்கிக்கொண்டு டவுனுக்கே போய்விட்டார்.

அதன்பின் இரண்டு போகம் என் கணவர் மருந்தைக் குறைத்துப் பார்த்தார். பாதிக் காய் சொத்தையாகப் போனது, வியாபாரி கழித்துக் கொட்டினார். மூன்றாம் போகத்தில் மறுபடியும் பழையபடி அடித்தார். நான் தடுக்கவில்லை. போன கிழமையும் அடித்தார். மறுநாள் நான் பிடுங்கிக் கட்டிக் கொடுத்தேன். லொறி அதை ஏற்றிக்கொண்டு டவுன் பக்கம் போனது.