அடுப்படியில் நின்றவர்கள்

உஸ்தா நின்றார். அவர் பக்கத்தில் அவர் மருமகன். மாவு பிசைகிறவர், அவருக்கு ஒரு காது கேட்காது. உருண்டை பிடித்து நிறுக்கிறவர். தட்டு அடுக்கும் அண்ணன், தம்பி. இந்தப் பக்கம் நானும், என்னோடு வந்த இரணியல்காரனும். எதிரே, கையில் கடிகாரத்தோடு கம்பெனி அதிகாரி. என் கையில் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளும் நீளத் துடுப்பு. அது உஸ்தாவுடையது. பிடி அவர் கைக்குத் தேய்ந்திருந்தது.

ஈராக்கில் யுத்தம் ஓய்ந்திருந்த ஒரு ஊர். நாட்டைச் சீர்படுத்துகிறோம் என்று சொல்லி அரசாங்க ரொட்டி ஆலையை ஒரு கம்பெனியிடம் கொடுத்திருந்தார்கள். கருங்கல் ஊரிலிருந்து என்னையும், பக்கத்து இரணியலிலிருந்து அவனையும் ஒப்பந்தத்தில் கூட்டிப்போனது அந்தக் கம்பெனிதான். உஸ்தா என்றால் அங்கே தலைமை வேலைக்காரர். குண்டு விழுந்த நாட்களிலும் அவரும் அவர் ஆட்களும் அடுப்பை அணைய விடவில்லை என்று ஆலைக் காவல்காரர் சொல்வார்.

முந்தின நாள் சாயங்காலம் உஸ்தா என்னிடம் தனியே வந்தார். எங்களுக்குள் அரைகுறை அரபிதான். எத்தனை ஆள் வேண்டும் என்று பார்க்க நாளை வருகிறார்கள், மெல்லச் செய், எல்லாருக்கும் வீடு இருக்கிறது என்றார். தலையாட்டினேன்.

முதல் தட்டு மெதுவாகத்தான் போனது. இரணியல்காரன் பொறுக்கவில்லை.

"ஏலே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி என்னடே நெளியுத? கருங்கல்காரன் கை இவ்வளவுதானா?"

"சும்மா கெடடே" என்றேன்.

"அந்தாளு நம்மளையாக்கும் பாக்கான். கைய வீசு மக்கா."

வீசினேன். அவன்மேல் பழி போட முடியாது. அதிகாரி என்னைக் கவனிக்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. அவன் உருண்டை பிடித்தான். நான் தள்ளினேன், எடுத்தேன். மற்றவர்கள் கை சும்மா நின்றது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், சிரித்தார். உஸ்தா தரையைப் பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் உஸ்தாவையும் அவர் ஆட்களையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உஸ்தா போகும்போது துடுப்பை நீட்டினேன். வாங்கவில்லை. "உனக்குத்தானே வேலை இருக்கிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது கருங்கல் சந்தைப் பக்கம் எனக்கு ஒரு பேக்கரி. இரண்டு ஆள் போதும். மூன்று பேரை வைத்திருக்கிறேன்.

"சும்மா நிக்கதுக்கு ஒரு ஆளா? ஒமக்குக் கிறுக்கா?" என்பாள் வீட்டுக்காரி.

"நிக்கட்டு" என்பேன். அதனால் எதுவும் சரியாகாது என்று தெரியும். துடுப்பைக் கையில் எடுத்தால் அந்த அடுப்படிதான் நினைவில் வருகிறது. என்னால் வேலை போய் அங்கிருந்து இறங்கினவர்கள், ஆறு பேர்.