304-ஆம் வீட்டுக்கான ஜெபக்குறிப்பு

பாஞ்சாலியக்கா எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். ஹெப்பகோடியில் எங்கள் சந்துக்குள் போலீஸ் ஜீப் திரும்பினால் போதும், பைபிளைத் தூக்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிடுவாள். அதற்காக நான் அவளைக் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் போன வருடம் நாலு பேர் எங்கள் ஜெபவீட்டுக்குள் நுழைந்து, "யாரை மதம் மாத்துறீங்க?" என்று செல்போனில் படம் பிடித்தபோது நானும்தான் பைபிளை முந்தானைக்குள் ஒளித்தேன்.

இந்தப் பயந்தாங்கொள்ளிதான் சபையில் யூதர்களுக்காக அதிகம் அழுது ஜெபிக்கிறவள். அவர்களிடம் சுவிசேஷம் சொல்லப் போகும் ஊழியக்காரர்களுக்காக, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைப்பாள். ஆனால் ஷோஷனா அம்மா வரும்வரை ஒரு யூதரைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை.

அக்காவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி விருந்தாளிகள் தங்கும் அடுக்குமாடியில் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். 304-இல் மகனோடு தங்க வந்திருந்த அந்த வயதான ஷோஷனா அம்மா, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, கைகளால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்கா பார்த்துவிட்டாள்.

"அம்மா, யூ கிறிஸ்டியன்?"

அவர் தயங்கினார். தான் யூதப் பெண் என்று மெதுவாகச் சொல்லி, உதட்டில் விரல் வைத்தார். யாராவது தேடி வந்து ஏதாவது செய்துவிடுவார்களோ என்று மகனுக்குப் பயமாம். அக்கா தலையாட்டினாள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள்.

"கெஸ்ட் கிட்ட சாமி விஷயம் பேசினா வேலை போயிடும், கொத்தாய்தா, புரிஞ்சுதா?" என்று மேனேஜர் மஞ்சுநாத் முன்பே மிரட்டி வைத்திருந்தார். அதனால் அக்கா அங்கே வாயைத் திறக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் திறந்தாள். ஜெபத்துக்காகச் சொன்னால் அது வெளியில் சொன்னதாகாது என்றுதான் எங்கள் சபையில் எல்லாரும் நினைப்போம். ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு வார்டு, கட்டில் நம்பர் வரை சொல்லித்தான் ஜெபம். பாஸ்டர் தினேஷ் அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: சகோதரி ஷோஷனா, யூதப் பெண், இன்ன கட்டடம், வீட்டு எண் 304, இரட்சிப்புக்காக. கீழே "ஆமென்" போட்டவர்களில் நானும் ஒருத்தி.

பத்தாம் நாள் காலை 304 வாசலில் ஒரு பார்சல் கிடந்தது. உள்ளே யூதர்களின் எபிரெய மொழியில் புதிய ஏற்பாடு. மேலே ஷோஷனா அம்மாவின் பெயர். யார் வைத்தார்கள் என்று செக்யூரிட்டிக்கும் தெரியவில்லை. நான் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும் என்று அந்த அம்மா அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அக்கா படிக்கட்டுக்கு ஓடிப்போய் போன் போட்டாள்.

"பாஸ்டர், அந்த மெசேஜ அழிச்சிடுங்க!"

"எப்படி சிஸ்டர்? ஓசூரு, கோலாருன்னு எத்தனையோ சபைக்குப் போயிடுச்சு. அவங்க வேற யாருக்கு அனுப்பினாங்களோ! இவ்ளோ பேரு ஜெபிக்கிறாங்க, சந்தோஷப்படுங்க."

இதை அக்கா என்னிடம் சொன்னபோது நான் போட்ட "ஆமென்"தான் நினைவுக்கு வந்தது. எத்தனை கை மாறியதோ, அதில் நல்ல கை எத்தனையோ!

சும்மா இருந்திருந்தால் வேலையாவது மிஞ்சியிருக்கும். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. ஆனாலும் அக்கா திரும்பி மாடியேறினாள்.

"அம்மா, ஐ டோல்ட். இன் சர்ச். ரூம் நம்பரும் சொல்லிட்டேன்."

ஷோஷனா அம்மா திட்டவில்லை. எத்தனை பேரிடம் என்று மட்டும் கேட்டார். "மெனி, அம்மா. மெனி" என்றாள் அக்கா. அவர் அக்காவின் முகத்தையே பார்த்தபடி பின்வாங்கிக் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது. கனமான எதையோ கதவை நோக்கி இழுக்கும் சத்தம் கேட்டது.

"நான்தாம்மா, பாஞ்சாலி" என்றாள் அக்கா.

உள்ளே அதை இன்னும் வேகமாக இழுத்தார்.