மீன் காட்டாத மெஷின்

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், இலங்கை மலைநாட்டில் பசறைக்கு அப்பால் பஸ்ஸே தயங்கித் தயங்கி வரும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்த விஷயம் இது.

தோட்டத்துக்கு நடுவில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அணை கட்டிய காலத்தில் தோட்டத்தின் கீழ்ப் பகுதி, கீழ் டிவிசன் என்போம், தேயிலையும் மரமுமாக முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. அக்கரையில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் எட்டுப் பேரைத் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வருவது என் சின்ன மோட்டார் போட்தான். கரையைச் சுற்றி நடந்தால் இரண்டு மணித்தியாலம், போட்டில் பத்தே நிமிடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. ஒரு காலை நடுத் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும்போது போட்டுக்கு அடியில் டமார் என்று ஒரு இடி. முன்பக்கம் எகிறிச் சரிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை, பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுத இருந்தவள், தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தாள். அதன் வாரைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். அவள் அழவில்லை. போட்டை மெதுவாகக் கரைக்குத் திருப்பினேன்.

அன்று சாயங்காலம் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம் அது, பஞ்சாயத்து என்றாலும் அங்கேதான். யாராவது சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அந்தப் பிள்ளையின் அப்பா நிதானமாகக் கேட்டார்.

"ஒன் மேல கோவம் இல்லப்பா. அடியில என்னா கெடக்குன்னு ஒனக்கே தெரியல. தெரியாம எப்படி புள்ளைங்கள ஏத்துறது?"

அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் நடந்தார்கள். மூன்றாவது வாரம் சின்னதுகள் இரண்டு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டன. ஓ.எல். பிள்ளை வாரத்தில் மூன்று நாள் போனாலே பெரிது. நடந்து களைத்து வந்து எங்கே புத்தகத்தைத் திறப்பாள்?

ஆழம் பார்க்கிற சோனார் மெஷின் ஒன்று போட்டில் பூட்டினால் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று பெற்றோர் ஒத்துக்கொண்டு, தங்களால் முடிந்ததைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நான் போனில் நாலு வீடியோ பார்த்தேன். போதாதா? பெரிய கலர் ஸ்கிரீன், மீன் எல்லாம் படமாக ஓடும். அதுதான் வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

போட் எஞ்சின் சாமான் விற்கும் கடை பஜார் வீதியில் இருந்தது. முக்காடு போட்ட ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், கல்லாவுக்குப் பின்னால் நின்றார். முதலாளி இல்லையா என்று கேட்டேன்.

"நான்தான் முதலாளி. சொல்லுங்க அண்ணன்."

முதல் அடி அங்கேயே விழுந்தது. கெத்தை விடாமல், கண்ணாடிக்குள் இருந்த ஆகப் பெரிய மெஷினைக் காட்டி அதை எடுக்கச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார். போட் எத்தனை அடி? எஞ்சினில் பேட்டரி இருக்கா, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதா? எவ்வளவு ஆழம்? கூரை இருக்கா? எதற்கு இந்த மெஷின்?

"தங்கச்சி, நான் சாமான் வாங்க வந்தேனா, சாட்சி சொல்ல வந்தேனா?" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தப் பெரிய மெஷினை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் போய் நின்று என்னைக் கூப்பிட்டார். ஸ்கிரீனில் என் மூஞ்சிதான் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு வெள்ளை மெஷினை வெயிலில் பிடித்தார். எண்கள் பளிச்சென்று நின்றன. பெரியது கடல் ஆழத்துக்குச் செய்தது, சின்னதுக்கு ஒரு திரீவீலர் பேட்டரி போதும் என்றார்.

சரி, அதையே கொடுங்கள், தண்ணீருக்குள் முழுகி நிற்கும் மரம் ஏதாவது வந்தால் காட்டும்தானே என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"இல்ல அண்ணன். இது அடியில உள்ளதத்தான் காட்டும், முன்னுக்கு வாறதக் காட்டாது. பூட்டுறது போட்டுக்குப் பின்னால. இது மரத்தக் காட்டுற நேரம் போட் மரத்துல ஏறி முடிஞ்சிரும். இத நம்பி ஓட்டினா ஒங்களுக்குத் தைரியம் கூடும், மரம் அங்கயேதான் இருக்கும். புள்ளைங்கள ஏத்துறதுக்குன்னா நான் இப்பிடியே தர மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உங்கள் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் பெரட்டுக் களத்தில் கேட்ட கேள்வியும் இவர் சொன்னதும் ஒன்றுதான் என்று உறைத்தது. மெஷினை வாங்கிப் போய்க் காட்டியிருந்தால் அந்தச் சனம் என்னை நம்பிப் பிள்ளைகளை ஏற்றியிருக்கும்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனேன். என்ன செய்வது என்று கேட்டேன். குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை அந்த மனுசி. போயா தினத்துக்கு, பௌர்ணமி லீவுக்கு, கடை பூட்டுத்தான், அன்றைக்கு மெஷினோடு நானே வருகிறேன் என்றார்.

சொன்ன மாதிரியே வந்தார், புருஷனும் மகளும் கூட. அவர்கள் கரையில் இருக்க, அவர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போட்டில் ஏறினார். ஏறிய பிறகுதான் சொன்னார், நீந்தத் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம் என்று. பலகையைப் பிடித்த கையை அவர் விடவே இல்லை. பெற்றோர் எல்லோரும் கரையில் நின்று பார்த்தார்கள்.

எஞ்சினை நிறுத்தி, மூங்கில் கம்பால் ஊன்றி ஊன்றி நகர்த்தினேன். ஓரிடத்தில் ஸ்கிரீனில் மீன் மேல் மீன். ஐயோ, எனக்கு ஒரே குஷி. பிள்ளைகளை விட்டுவிட்டு மீன் வியாபாரத்தில் இறங்கலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பட்டனை அமத்தி மீன் படத்தை நிறுத்தினார். மீன்கள் இருந்த இடத்தில் அடியிலிருந்து நெட்டாக ஒன்று எழும்பி நின்றது. கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்கினோம். பாதியிலேயே சிக்கிக்கொண்டது. அணை கட்டுமுன் கிளையை வெட்டிவிட்ட அடிமரம். மெஷினுக்கு மரம் தெரியாது, இடையில் எது தட்டுப்பட்டாலும் மீன் என்று படம் போட்டுவிடும் என்றார். தினமும் காலையில் நான் போட் விட்ட வழி அது.

ஆனால் அந்த மரம் நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பொறி தட்டியது. இது கீழ் டிவிசன் தேயிலைக்கு நட்ட நிழல் மரம். நிழல் மரத்தைக் கண்டபடி நட மாட்டார்கள், அளவெடுத்து வரிசையாகத்தான் நடுவார்கள். இரண்டாவது மரத்தையும் தேடிப் பிடித்தோம். இரண்டுக்கும் இடையே கயிறு பிடித்து அளந்து, அதே அளவில் நேராகத் தள்ளினேன். மூன்றாவது மரம் சொல்லிவைத்த மாதிரி ஸ்கிரீனில் ஏறியது. அவர் பலகையிலிருந்து கையை எடுத்துக் கைதட்டியே விட்டார்!

"மெஷின விட நீங்க கெட்டிக்காரர் அண்ணன்."

மத்தியானத்துக்குள் வரிசை பிடிபட்டது. இடையில் விழுந்து கிடந்த மரங்களையும் மெஷின் காட்டிக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கு மேலும் வெள்ளைக் கேன் கட்டி மிதக்கவிட்டோம். இரண்டு வரிசைக்கு நடுவே அகலமாக ஒரு வழி கிடைத்தது. அந்த வழியில் முதலில் ஏறி வந்தது ஓ.எல். பிள்ளையின் அப்பா. மூன்று தரம் போய் வந்த பிறகு, நாளைக்கு மகளைக் கூட்டி வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சின்ன மெஷினைத்தான் வாங்கினேன். தண்ணீர் ஒரு அடி இறங்கினாலும் பிள்ளைகளை ஏற்றுமுன் தனியாக ஒரு தரம் அளந்து பார்க்க வேண்டும் என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். இன்றுவரை தவறவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திய சின்னதுகள் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. அந்தப் பிள்ளை பரீட்சை பாஸாகி இப்போது பதுளையில் தங்கி மேல் வகுப்பான ஏ.எல். படிக்கிறாள்.

நன்றி சொல்ல ஒருநாள் கடைக்குப் போனேன். போயா தினத்தில் அவ்வளவு பயத்தோடு ஏன் வந்தீர்கள் என்றும் கேட்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கே என்றுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கேட்டதைக் கொடுத்து என்னைச் சந்தோஷமாக அனுப்பியிருக்கலாம், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு காலையும் கடைசிப் பிள்ளை கரையில் கால் வைத்து இறங்கும்போது, என் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு மாட்டேன் என்று சொன்ன அந்தத் தங்கச்சியை நினைத்துத்தான் நான் மூச்சு விடுகிறேன்.