மாப்பிள்ளையின் கார்பன் சைக்கிள்

என் மருமகனின் உயிரோடு ஒரு நாள் காலை நான் விளையாடிவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன்.

விழுப்புரத்தில் இருக்கும் அவர், விடுமுறைகளில், கார்பன் இழையால் செய்த எடை குறைந்த சைக்கிளில் திண்டிவனத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். ஒருமுறை அதை, சைக்கிளைக் கவ்வித் தூக்கிப் பிடிக்கும் ரிப்பேர் ஸ்டாண்டில் மாட்டி, செயினைத் துடைத்து எண்ணெய் விட நான் முன்வந்தேன்.

"ஸ்டாண்டுல மாட்டும்போது சீட்டுக்குக் கீழ இருக்கற கம்பியைப் பிடிக்க வைங்க மாமா. ஃபிரேமு தாங்காது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

காலமெல்லாம் இரும்பு சைக்கிள் மிதித்தவன் நான். வாகாக இருக்கிறதே என்று, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள ஃபிரேம் குழாயில் ஸ்டாண்டின் பிடியை மாட்டி, ஆடாதபடி இறுக்கினேன். நறுக்கென்று சத்தம் கேட்டது. மயிரிழைபோல ஒரு விரிசல்.

மாப்பிள்ளையிடம் தவறை ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை. மறுநாள் காலை அவர் கிளம்பியபோதும் கையசைத்து வழியனுப்பினேன். லாரிகளுக்கு நடுவே அந்தக் குழாய் உடைந்தால் என்னவாகும் என்று உறைத்த பிறகே போன் செய்தேன். வழியில் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் நின்று எடுத்தார்.

"ஏறாதீங்க மாப்பிள்ளை. நேத்து நான்தான் ஃபிரேமை இறுக்கி விரிசல் விட வெச்சிட்டேன்."

"இவ்ளோ தூரம் அதுலதான் மாமா மிதிச்சிக்கினு வந்தேன்" என்றார். பிறகு, "சைக்கிள் போனா போவுது. நான் போயிருந்தா உங்க பொண்ணுக்கு இன்னா பதில் சொல்லியிருப்பீங்க?"

அன்றே விழுப்புரம் பஸ் ஏறி, மகளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சரிசெய்த சைக்கிளில் மாப்பிள்ளை இப்போதும் வருகிறார். திரும்பும்போது, ஏறும் முன் விரிசல் இருக்கிறதா என்று குழாய் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கிறார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.